தோடம்பழத்தின் பின்னால் ஒரு கோப்பை

சென்ற மாதம் இப்பத்திக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, பாரிஸின் புறநகர் ஒன்றில் வாழும் தாய் ஒருவர் எழுதியது. அவரது ஆறு வயது மகள், வீட்டில் எல்லோரும் இரவுணவு உண்பதைப் படமாக வரைந்திருக்கின்றாள். மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்திருக்கின்றனர். மேசைப் பலகையினூடாக நால்வரின் கால்களும் தெளிவாகத் தெரிகின்றன. பானைக்குள் இருக்கும் சோறு பானையின் வயிற்றினூடாகத் தெரிகின்றது. வேலை முடிந்து வந்த தகப்பனார் படத்தைப் பார்த்து, "மேசைக்குக் கீழே இருக்கிற கால் எப்படித் தெரியும்?" என்று கேட்டு, அழிறப்பரை எடுத்துக் கால்களை அழித்து, மேசையைத் திருத்தி வரைந்து கொடுத்திருக்கின்றார். நல்லெண்ணத்துடனேயே செய்திருக்கின்றார். ஆயினும் அன்றிலிருந்து பிள்ளை தானாகப் படம் வரைவதில்லை. தாளைத் தகப்பனிடம் நீட்டி, "நீங்களே கீறித் தாங்கோ" என்கின்றதாம். பிள்ளையின் கண்பார்வையில் குறை உண்டா, அறிவு வளர்ச்சியில் குறை உண்டா என்று தாய் கலக்கத்துடன் கேட்கின்றார்.

இரண்டும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் சிறுவர்களுக்குச் சித்திரம் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதே கலக்கத்துடன் என்னிடம் கொப்பியைக் கொண்டு வந்து காட்டிய பெற்றோர் பலரை நான் அறிவேன். ஆகையால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதாது, ஒரு பொருளுக்குப் பின்னால் இன்னொரு பொருள் மறைந்திருப்பதைச் சிறு பிள்ளைகள் எவ்வாறு வரைகின்றனர், அதனை எப்போது, எவ்விதம் கற்பிக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகின்றேன்.

இந்த விடயத்தை முதன்முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர், நாம் வாழும் இந்நாட்டைச் சேர்ந்தவரே. ஜோர்ஜ் ஆன்றி லூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர், தம் மகள் சிமோன் சிறு வயது முதல் வரைந்த படங்களைச் சேர்த்து வைத்து, 1913 இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் 1927 இல் குழந்தைகளின் சித்திரங்கள் பற்றி அவர் எழுதிய நூல் இன்று வரை பேசப்படுகின்றது. பிள்ளை தான் காண்பதை வரைவதில்லை, தான் அறிந்ததையே வரைகின்றது என்பது லூக்கே கண்ட உண்மையின் சாரம். இந்நிலையை அவர் 'அறிவுசார் மெய்மை' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். மேசைக்கு அடியில் கால்கள் உண்டு என்று பிள்ளைக்குத் தெரியும். பானைக்குள் சோறு உண்டு என்றும் தெரியும். உள்ளதைச் சொல்லாமல் விடுவது பிள்ளையின் நோக்கில் பொய். ஆகவே உள்ளதனைத்தும் தாளில் வந்து விடுகின்றது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையும் 'கட்புல மெய்மை' ஏறத்தாழ எட்டு, ஒன்பது வயதளவில்தான் மெல்ல மெல்ல வந்து சேர்கின்றது. சில பிள்ளைகளிடம் முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம்.

இதனை உங்கள் குசினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1972 இல் நோர்மன் ஃபிறீமன் என்பவரும் ஜனிகூன் என்பவரும் செய்த ஓர் ஆய்வு மிக எளிமையானது. ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளின் முன் ஒரு கோப்பையை வைத்தார்கள். கோப்பையின் பிடி பின்பக்கம் திரும்பியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு பூப் படம் தெரிந்தது. தெரிவதை வரையும்படி கேட்டபோது, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பிடியை வரைந்து, கண்ணுக்கு நேரே இருந்த பூவை விட்டுவிட்டார்கள். மூத்த பிள்ளைகள் பூவை வரைந்து பிடியை விட்டார்கள். கோப்பை என்றால் பிடி இருக்க வேண்டும். பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோப்பை கோப்பைதான். இளம் பிள்ளையின் நியாயம் இது. இதில் எங்கே அறிவுக் குறை இருக்கின்றது? பொருளின் இலக்கணத்தை அப்பிள்ளை நன்றாகவே கற்றிருக்கின்றது.

ஒரு பழம் மற்றப் பழத்தை மறைக்கும்போதும் இதே சிக்கல்தான். மேசையில் ஒரு தோடம்பழத்தை முன்னாலும் ஓர் அப்பிளைப் பின்னாலும் வைத்து வரையச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு முழு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரையும். அல்லது ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாக வரையும். இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லுமாறும் வரையலாம். எப்படி வரைந்தாலும் ஒன்றை மட்டும் செய்யாது: அப்பிளைக் குறைத்து வரையாது. "பாதி அப்பிள் தானே தெரிகிறது?" என்று ஒரு முறை வகுப்பில் ஒரு சிறுமியிடம் கேட்டேன். "பாதியாகக் கீறினால் ஆரோ கடிச்சுப் போட்டினம் எண்டு நினைப்பினம்" என்றாள். எந்த உளவியல் நூலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லி நான் படித்ததில்லை. தாளில் குறைவாக இருப்பது உலகிலும் குறைந்துவிட்டது என்பது அவளது கணக்கு.

எமது வீடுகளில் இக்கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்று நான் எண்ணுகின்றேன். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் 'எங்கள் குடும்பம்' என்ற தலைப்பில் படம் கேட்டால், தாளில் ஆட்கள் நிரம்பி வழிகின்றனர். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா, கனடாவில் இருக்கும் பெரியப்பா, தொலைபேசியில் மட்டும் பேசிய சித்தி, பிள்ளை ஒரு நாளும் நேரிற் காணாத அப்பப்பா, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஒருவர் தோள் மற்றவர் தோளை மறைக்காது. இட நெருக்கடி வந்தால் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் வரைவார்களேயன்றி ஒருவரை இன்னொருவருக்குப் பின்னால் நிறுத்த மாட்டார்கள். வேறு இனத்துப் பிள்ளைகளும் இந்த வயதில் இப்படித்தான் வரைகின்றனர் என்பது உண்மை. ஆகவே இதில் அளவுக்கு மீறிய பொருள் காண வேண்டியதில்லை. எனினும் வீட்டில் நாள்தோறும் "அவர் இல்லை", "அவர் வர முடியாது" என்ற பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளையிடம், "இவரைப் பாதியாக வரை" என்று சொல்வதற்கு முன் நாம் சற்று நிதானிக்க வேண்டும். மறைந்திருப்பவர் தொலைந்து போகவில்லை என்பதைப் பிள்ளை முதலில் கையால் தொட்டு அறிய வேண்டும். கோடு பின்னர் வரட்டும்.

தெரிவதை விட்டு அறிந்ததை வரைவது குழந்தைத்தனம் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. லண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில், எகிப்தின் நெபமுன் என்னும் அலுவலரின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட சுவரோவியங்கள் இருக்கின்றன. அவை கி.மு. 1350 அளவில் வரையப்பட்டவை. அவற்றுள் ஒன்றில் ஒரு தோட்டத்துக் குளம். குளம் மேலிருந்து பார்ப்பது போல நீள்சதுரமாக இருக்கின்றது. மீன்களும் வாத்துகளும் பக்கத்திலிருந்து பார்ப்பது போல முழுமையாகத் தெரிகின்றன. மரங்களும் ஒன்றையொன்று மறைத்து விடாதபடி குளத்தைச் சுற்றி முழுமையாகக் காட்டப்பட்டிருக்கின்றன. தேர்ந்த ஓவியன் ஒருவன், குளத்தில் உள்ளதெல்லாம் இறந்தவருக்குக் குறைவின்றிக் கிடைக்க வேண்டும் என்று இப்படி வரைந்தான். அவனுக்கு மறைத்து வரையத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே கல்லறையின் இன்னோர் ஓவியத்தில் மாட்டு மந்தை வருகின்றது. மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி, ஒன்றின் உடல் மற்றதை மறைத்தபடி நிற்கின்றன. எந்தக் கால் எந்த மாட்டினுடையது என்று பார்ப்பவர் குழம்பாதிருக்க, அடுத்தடுத்த மாடுகளுக்கு வெவ்வேறு நிறம் தீட்டியிருக்கின்றான். இந்த நிற உத்தியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் எமக்குப் பயன்படும்.

சரி, எப்போது தொடங்கலாம்? பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயமாகிவிட்டது. ஆகையால் எம் பிள்ளைகள் மத்தெர்னெல் வகுப்பிலேயே பென்சில் பிடித்துப் படம் வரையத் தொடங்கிவிடுகின்றனர். அங்கு மூன்று, நான்கு வயதில் வரும் படங்களில் கை வைக்காதீர்கள். தலையிலிருந்து நேரே கால் முளைக்கும் மனிதர்களை வரையும் பிள்ளைக்கு, மறைந்திருக்கும் பொருளைப் பற்றிப் பாடம் நடத்துவது விதை ஊன்றிய மறுநாள் கிண்டிப் பார்ப்பது போன்றது. ஐந்து வயதுக்குப் பின், பிள்ளை தானாகவே "இது அதுக்குப் பின்னால நிக்குது" என்று சொல்லத் தொடங்கும்போது விளையாட்டாகத் தொடங்கலாம். ஆறு, ஏழு வயதில் முறையாகக் கற்பிக்கலாம். அப்போதும், பார்த்து வரையும் படங்களுக்கு மட்டுமே இப்பாடம். பிள்ளை மனத்திலிருந்து வரையும் படத்தில் வயிற்றுக்குள் குழந்தை தெரிந்தாலும், பேருந்தின் தகட்டினூடாகப் பயணிகளின் கால்கள் தெரிந்தாலும், அது பிள்ளையின் கதை. அதைத் திருத்த எமக்கு உரிமை இல்லை.

பென்சிலில் தொடங்க வேண்டாம். கத்தரிக்கோலிலும் பசையிலும் தொடங்குங்கள். வாரந்தோறும் கடிதப் பெட்டியில் வந்து விழும் கடை விளம்பரத் தாள்கள் இதற்கு மிக நல்லவை. அவற்றில் பழங்களும் போத்தல்களும் மீன்களும் நிறையவே இருக்கும். பிள்ளை தனக்குப் பிடித்த ஐந்தாறு படங்களை முழுமையாக வெட்டி எடுக்கட்டும். ஒரு வெள்ளைத் தாளில் அவற்றை ஒட்டாமல் முதலில் அடுக்கிப் பார்க்கட்டும். போத்தலை அப்பிளின் மேல் வைத்தால் அப்பிள் பாதியாகின்றது. போத்தலைச் சற்றுத் தள்ளினால் அப்பிள் முழுதாகத் திரும்பி வருகின்றது. இதைப் பிள்ளை பத்துத் தடவையும் செய்து பார்க்கும். விடுங்கள், செய்யட்டும். முழு அப்பிளும் அங்கேயே இருக்கின்றது, யாரும் கடிக்கவில்லை என்பதைப் பிள்ளை தன் விரலாலேயே கண்டுகொள்வது இந்த இடத்தில்தான். பிறகு ஒட்டும்போதும் முன்னால் உள்ள படத்தின் ஓர் ஓரத்தை மட்டும் ஒட்டி, மறு ஓரத்தைக் கதவு போலத் திறக்கக்கூடியதாக விட்டுவிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் குடும்பப் படத்தையும் இவ்விதம் செய்வித்ததுண்டு. ஒவ்வொருவரையும் தனித்தனியே முழுதாக வரைந்து, வெட்டி, பின் நெருக்கமாக அடுக்கினார்கள். புகைப்படத்தில் நிற்பது போல இரண்டு வரிசை வந்தது. பின்வரிசையில் நிற்பவரின் கால்கள் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கால்களை வரைந்தவர்கள் அவர்கள்தானே.

இரண்டாவது, ஒளித்துப் பிடித்து விளையாடுதல். இங்கிலாந்தில் மோரீன் கொக்ஸ் என்ற உளவியலாளர் 1981 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கின்றது. ஒரு பந்துக்குப் பின்னால் இன்னொரு பந்தை வைத்து வரையச் சொன்னபோது இளம் பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியே முழுதாக வரைந்தார்கள். ஆனால் பொலிஸ்காரரிடமிருந்து தப்பி ஒரு திருடன் மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றான் என்று கதை சொல்லி வரையச் சொன்னபோது, அதே வயதுப் பிள்ளைகள் பலர் மதிலுக்கு மேலே தெரிந்த தலையை மட்டும் வரைந்தார்கள். பந்துக்கு ஒளிந்திருக்கக் காரணமில்லை. திருடனுக்கு இருக்கின்றது. காரணம் தெரிந்தால் பிள்ளை மனமுவந்து மறைக்கின்றது. ஆகையால் கதையுடன் கேளுங்கள். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் பூனை ஒளிந்திருக்கின்றது, வால் மட்டும் தெரிகின்றது. அலுமாரிக்குப் பின்னால் தம்பி நிற்கின்றான், அவன் சப்பாத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றது. பெரிய யானை ஒன்று சின்னத் தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிய முயல்கின்றது. யானைப் படத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே, மரத்தின் இரு பக்கமும் யானையின் உடலைத் தொடர்ந்து வரைந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கே கடினமான பாடம் அது.

இதன் பின்னரே பென்சில். தோடம்பழத்தை முன்னாலும், நிற வேறுபாடுள்ள ஒரு கோப்பையைச் சற்றுப் பின்னாலும் வையுங்கள். கோப்பையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மறையட்டும். அதிகமாக மறைந்தால் பின்னால் என்ன இருக்கின்றது என்றே தெரியாது. விளிம்பு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் எது முன், எது பின் என்பது புலப்படாது. பிள்ளையின் கண்மட்டம் பொருள்களுக்கு வெகு மேலே இராதபடி கதிரையைப் பதித்து வையுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் விலகித் தெரியும், மறைவு இல்லாமற் போகும். பெரியவர் பிள்ளைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. பிள்ளையின் தோளுக்கு அருகே குனிந்து, பிள்ளையின் கண் இருக்கும் உயரத்தில் தன் கண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் இருவரும் இரு வேறு காட்சிகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே எம் தாய்மொழி ஓர் உதவியைச் செய்கின்றது. பிரெஞ்சில் இடத்தில் முன்னால் இருப்பதற்கு ஒரு சொல்லும், காலத்தில் முன்னர் வருவதற்கு வேறொரு சொல்லும் உண்டு. தமிழில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. முன்னால் இருப்பதை முன்னர் வரை, பின்னால் இருப்பதைப் பின்னர் வரை. பாடத்தின் விதி முழுவதும் இவ்வளவே. பிள்ளைகள் இதை ஒரு முறை கேட்டால் மறப்பதில்லை. முன்னால் உள்ள தோடம்பழத்தை முதலில் முழுமையாக வரைய வேண்டும். அதன் கோடு இப்போது ஒரு மதில். பின்னர் கோப்பையை மேல் விளிம்பிலிருந்து தொடங்கிக் கீழே வரைந்து வரவேண்டும். பென்சில் மதிலை முட்டியதும் நிற்க வேண்டும். மதிலுக்குள் நுழையக் கூடாது. பென்சிலைத் தூக்கி, மதிலின் மறுபக்கத்தில் கோப்பை மீண்டும் எங்கே வெளிப்படுகின்றது என்று பார்த்து, அங்கிருந்து தொடர வேண்டும். முட்டும் இடத்தையும் வெளிப்படும் இடத்தையும் பிள்ளை முதலில் பொருளின் மீதே விரலால் தொட்டுக் காட்டட்டும். பலர் பின்னால் உள்ளதை முதலில் வரையத் தொடங்கி, முன்னால் உள்ளதை வைக்க இடமின்றித் தடுமாறுகின்றனர். வரிசை மாறியதே காரணம். மற்றும்படி கையில் குறை எதுவும் இல்லை.

எகிப்திய ஓவியனின் நிற உத்தியை இவ்விடத்தில் பயன்படுத்துங்கள். தோடம்பழத்துக்கு ஒரு நிறப் பென்சில், கோப்பைக்கு இன்னொரு நிறப் பென்சில். இரண்டும் ஒரே கரிய பென்சிலில் இருந்தால் கோடுகள் சந்திக்கும் இடத்தில் எது எதனுடையது என்று பிள்ளைக்கே தெரியாமற் போகும். நிறம் வேறானால் செம்மஞ்சட் கோட்டில் முட்டியதும் நீலக்கோடு தானாகவே நின்றுவிடும்.

அழிறப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மேசையில் இருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நீலக்கோடு மதிலைத் தாண்டி உள்ளே போய்விட்டதா? போகட்டும். அந்தத் தாளை வைத்துவிட்டு இன்னொரு தாள் கொடுங்கள். தாளுக்கு வரும் செலவு சொற்பம். கடிதம் எழுதிய தாயின் கணவருக்கும் இதையே சொல்வேன். பகல் முழுவதும் வேலை செய்து களைத்து வரும் தகப்பன் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கின்றாரே, அதுவே பெரிது. ஆனால் பெரியவரின் கைக்கோடு பிள்ளையின் தாளில் விழக் கூடாது. காட்ட வேண்டுமானால் தகப்பனார் தமக்கென்று வேறொரு தாள் எடுத்து, பிள்ளைக்கு அருகில் அமர்ந்து, அதே தோடம்பழத்தைத் தாமும் வரையலாம். தகப்பன் வரைந்த கோப்பை கோணலாக வந்து, பிள்ளை அதைக் கண்டு சிரித்தால் இன்னும் நல்லது. வரைவதை நிறுத்திவிட்ட பிள்ளையை மீண்டும் தாளுக்குக் கொண்டு வருவதற்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. "கீறு, கீறு" என்று வற்புறுத்துவதால் நடக்காது.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் வீட்டில் இருந்தால் இன்னொரு விளையாட்டு உண்டு. மேசை நடுவில் மூன்று பொருள்களை வைத்து, இருவரையும் எதிரெதிர்க் கதிரைகளில் அமர்த்தி வரையச் செய்யுங்கள். முடிந்ததும் தாள்களை மாற்றிப் பார்க்கட்டும். அண்ணனுக்கு முன்னால் தெரிந்தது தங்கைக்குப் பின்னால் இருக்கும். "நீ பிழையாகக் கீறியிருக்கிறாய்" என்ற சண்டை உடனே தொடங்கும். நீங்கள் தலையிடாமல், கதிரைகளை மாற்றி அமரச் சொல்லுங்கள். ஜெனீவாவில் ஜோன் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் ஆகிய இருவரும் மூன்று மலைகளின் மாதிரியுருவை மேசையில் வைத்து, எதிரே இருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். 1948 இல் வெளியான அவர்களது நூலில் இச்சோதனை விவரிக்கப்பட்டிருக்கின்றது. இளம் பிள்ளைகள் தமக்குத் தெரிவதே பொம்மைக்கும் தெரியும் என்றார்கள். எதிர்க் கதிரையில் இருப்பவருக்கு வேறொன்று தெரியும் என்பது கற்றுக்கொள்ள வேண்டியதொன்று. எம் சமூகத்துப் பெரியவர்கள் சிலரையும் அந்தக் கதிரைகளில் மாற்றி அமர்த்திப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. அது வேறு கதை.

தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன், பின், மேல், கீழ், உள், அருகில், இடையில் என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விப்பதை விட, இப்பாடத்தோடு சேர்த்துக் கற்பியுங்கள். புதிய சொற்களை வாயால் சொல்லி, கண்ணால் பார்த்து, கையால் வரையும் பிள்ளைக்கு அவை நிலைக்கும். "பின்னால்" என்று சொல்லும் பிள்ளை தாளில் அதை "மேலே" வரைவதை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். தட்டையான தாளில் பின்னால் என்றோர் இடம் இல்லை. தூரத்தில் இருப்பது தாளில் மேலே ஏறுவதும் உண்மைதான். ஆகவே அது பிழையல்ல, பாதி வழி. அங்கிருந்து அழைத்துச் செல்லுங்கள். பிரெஞ்சு கலந்து பேசும் பிள்ளைகள் தம்மையறியாமலே முழு வாக்கியம் பேசுவதையும் கேட்பீர்கள்: "பூனை குடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது." வாக்கியத்தில் பூனையும் முழுதாக இருக்கின்றது.

இன்னொரு விடயத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். பிள்ளையின் படத்தில் பொருள்கள் ஊடுருவித் தெரிவதோ, ஆட்கள் ஒருவரையொருவர் தொடாமல் நிற்பதோ, தனியே எடுத்துக்கொண்டால் எந்த நோய்க்கும் எந்த மன அதிர்ச்சிக்கும் அடையாளமல்ல. நாட்டில் நடந்தவற்றையும் பயணத்தில் பட்டவற்றையும் மனதில் சுமந்திருக்கும் பெற்றோருக்கு, பிள்ளையின் ஒவ்வொரு கோட்டிலும் அதன் நிழல் தெரிவது இயல்பே. ஆனால் உறக்கம் கெடுதல், பேச்சு நின்று போதல், விளையாட மறுத்தல் போன்றவை தொடர்ந்தால் அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். சித்திரக் கொப்பியை வைத்து நாமே நோய் கணிக்க வேண்டாம்.

வசதியுள்ளோர் விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை ஓர்சே அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. செஸான் 1899 அளவில் வரைந்த 'அப்பிள்களும் தோடம்பழங்களும்' என்ற ஓவியம் அந்த அருங்காட்சியகத்துக்குரியது. வெள்ளைத் துணியின் மேல் தட்டிலும் தட்டுக்கு வெளியிலுமாகப் பழங்கள் குவிந்து கிடக்கும். பிள்ளையிடம் கலை வரலாறு பேச வேண்டாம். எத்தனை பழங்கள் முழுதாகத் தெரிகின்றன, எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று எண்ணச் சொன்னால் போதும். பெரியவர்கள் ஓர் எண்ணிக்கையும் பிள்ளைகள் வேறோர் எண்ணிக்கையும் சொல்வார்கள். இலங்கையின் சிகிரியாக் குன்றில் ஐந்தாம் நூற்றாண்டில் வரையப்பட்ட பெண்களின் படத்தை ஒரு நூலிலிருந்தேனும் காட்டுங்கள். இடுப்புக்குக் கீழே அவர்களை மேகங்கள் மறைத்திருக்கின்றன. மேகத்துக்குப் பின்னால் கால்கள் உண்டா என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் விடையை எனக்கு எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

அருங்காட்சியகத்துக்குப் போக நேரமில்லாத வீடுகளில், இலையுதிர்காலத்தில் தெருவோரம் விழும் இலைகளே போதும். ஓர் இலையைத் தாளில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றி வரைந்து, அந்த இலையை எடுக்காமலே இன்னோர் இலையை அதற்கு அருகில், சற்று அதன் கீழே செருகி, தெரியும் விளிம்பை மட்டும் வரையுங்கள். மூன்றாவதை இரண்டாவதன் கீழே செருகுங்கள். பிறகு எல்லா இலைகளையும் தூக்கி எடுங்கள். தாளில் இருப்பது பிள்ளையின் முதலாவது அடுக்குச் சித்திரம். அதில் தேதியும் பெயரும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். பெயரைத் தமிழில் பிள்ளையே எழுதட்டும்.